கூழைக்கடா கறுத்த கதை

எண்ணெய் கொட்டிப் பறவை செத்ததுன்னா நமக்கு 1989 அலாஸ்கா, எக்ஸான் வால்டெஸ் கப்பல்தான் ஞாபகம் வரும். அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம எண்ணூர் முகத்துவாரக்குப்பம் இருக்கே.

பக்கத்து மணலியில ரிஃபைனரி வந்தது 1969ல. 2017 ஜனவரி 28, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி, கரை ஒதுங்கின எண்ணெயை வாளியில அள்ளினாங்க (ராக்கெட் விடற நாடுங்க இது!). 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளம். மணலி எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியா கொசஸ்தலை ஆத்து முகத்துவாரத்துக்கே வந்துடுச்சு. சாம்பல் வெள்ளைக் கூழைக்கடாங்க கறுத்துப் போச்சு.

எண்ணெய் பட்டா இறகுக்குள்ள தண்ணி இறங்கிடும். பறவை அலகால கோதும். கோதக் கோத எண்ணெய் வயித்துக்குள்ள போகும். மீனவக் குடும்பத்துக்கு அரசு நிவாரணம் 12,500 ரூபாய். கூழைக்கடாவைப் பிடிச்சுக் கழுவணும். ஆனா பறக்கத் தெம்பிருக்கிறது கிட்டவே விடாது. கையில சிக்கறது பெரும்பாலும் துவண்டு போனதுதான்.