ஆடை நெய்யப் போய் சல்லடை ஆனது

எக்ஸ்எஸ்எல்டியை எல்லோரும் ‘ஸ்டைல்ஷீட்’ என்றே சொல்கிறோம். பெயரைக் கேட்டால் எழுத்துருவும் வண்ணமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் நான் அதை ஒருநாளும் அலங்காரத்துக்குப் பயன்படுத்தியதில்லை. கோப்புகளுக்குள் இருந்து தகவலைச் சலித்தெடுக்கத்தான்.

பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதற்கு ஒரு கதை உண்டு. எஸ்ஜிஎம்எல் ஆவணங்களை அச்சுக்கேற்றபடி அமைக்க டிஎஸ்எஸ்எஸ்எல் என்றொரு தரம் 1996இல் வந்தது. ஸ்கீம் மொழியின் வாரிசு. அடைப்புக்குறிகளைப் பார்த்தே பலர் ஓடிவிட்டார்கள். அதற்கு ‘ஜேட்’ என்ற இயக்கியை எழுதியவர் ஜேம்ஸ் கிளார்க். 1998இல் தரமாக வந்த எக்ஸ்எம்எல்லுக்கும் ஒரு நடைத்தாள் மொழி வேண்டும் என்று தொடங்கிய வேலை, பாதியில் மூன்றாகப் பிரிந்தது. வழிகாட்ட எக்ஸ்பாத், உருமாற்ற எக்ஸ்எஸ்எல்டி, பக்கம் அமைக்க இன்னொன்று. முதல் இரண்டும் 1999 நவம்பர் 16 அன்று ஒன்றாக வெளிவந்தன. எக்ஸ்எஸ்எல்டியைத் தொகுத்தவரும் கிளார்க்தான். இது எல்லா வேலைக்குமான மொழி அல்ல என்று அந்த ஆவணமே சொல்லிக்கொள்கிறது. யார் கேட்டார்கள்?

ஒருமுறை எழுத்தாளர் ஒருவரின் கடிதங்களுக்குத் தேதிவாரியாகப் பட்டியல் எடுத்தேன். எல்லாம் டிஇஐ முறையில் குறியிட்ட கோப்புகள். பட்டியல் அழகாக வந்தது. நடுவில் சில ஆண்டுகள் மட்டும் காலி. ‘மனுஷன் அப்போ யாருக்கும் எழுதலை போல’ என்று நாங்கள் பேசிக்கொண்டோம். முன்னுரையில் அந்த மௌனத்தைப் பற்றி ஒரு பத்தியே எழுதியாகிவிட்டது.

ஒரு கடிதம் என் மேசையிலேயே அச்சாகக் கிடந்தது. காலி ஆண்டுகளில் ஒன்றின் தேதி.

காரணம் ஒற்றை வரி. 2007இல் வந்த டிஇஐயின் ஐந்தாம் பதிப்பு தன் குறிகளுக்கெல்லாம் ஒரு பெயர்வெளி கொடுத்தது. எக்ஸ்பாத் 1.0இல் முன்னொட்டு இல்லாமல் ‘டேட்’ என்று கேட்டால், பெயர்வெளி இல்லாத ‘டேட்’ மட்டும்தான் அகப்படும். எங்கள் கோப்புகளில் பாதி பழைய பதிப்பு, பாதி புதியது. புதியவை அத்தனையும் சல்லடைக்கு வெளியே நின்றன. பிழைச்செய்தி ஒன்றும் இல்லை. அதன் கணக்கில் பிழையே நடக்கவில்லையே!

2007 ஜனவரியில் வந்த எக்ஸ்எஸ்எல்டி 2.0இல் இதற்கென்றே ஒரு பண்பு இருக்கிறது. இயல்பான பெயர்வெளி எது என்று ஒருமுறை சொன்னால் போதும். நான் 1.0இலேயே நின்றுவிட்டவன். முன்னொட்டு சேர்த்து, இரண்டு பதிப்புகளையும் கேட்கும்படி மாற்றி ஓட்டினேன். காலி ஆண்டுகள் நிறைந்தன. மௌனத்தைப் பற்றிய பத்தியை அன்று மாலையே அழித்தோம்.