சட்டம் நடந்த பாதை - 14: எங்கே அந்தச் சட்டம்?

1762 நவம்பர் 11. லண்டனின் கிழக்கே, ஸ்டெப்னியில் ஜான் என்டிக்கின் வீடு. வாசற்கதவு திறந்திருந்தது. நேதன் கேரிங்டனும் இன்னும் மூன்று பேரும் உள்ளே நுழைந்தார்கள். நால்வரும் மன்னரின் ஏவலர்கள். நான்கு மணி நேரம் அறை அறையாகத் துழாவினார்கள். பெட்டிகளையும் மேசை இழுப்பறைகளையும் உடைத்துத் திறந்து, உள்ளே இருந்த காகிதங்களைப் படித்தார்கள். துண்டுப் பிரசுரங்களையும் தாள்களையும் அள்ளிக்கொண்டு, என்டிக்கையும் பிடித்துப் போனார்கள்.

என்டிக் பள்ளி ஆசிரியர், அகராதி தொகுத்தவர். 'தி மானிட்டர்' என்ற வார இதழில் அரசுக்கு எதிராக எழுதுகிறார் என்பதே அவர்மீதான புகார். அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு கையெழுத்திட்ட வாரண்ட் ஏவலர்களிடம் இருந்தது. அதில் என்டிக்கின் பெயர் இருந்தது. எந்தக் காகிதத்தைத் தேடுகிறார்கள் என்ற வரையறை மட்டும் இல்லை.

என்டிக் அடங்கிப் போகவில்லை. அத்துமீறி நுழைந்தார்கள் என்று நால்வர் மீதும் வழக்குத் தொடுத்தார். அடுத்த வீட்டுக்காரன் வேலி தாண்டினால் போடும் அதே வகை வழக்கு. மன்னரின் ஆட்கள் என்பதற்காகத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. நடந்தவற்றை ஜூரிகள் பதிவு செய்தார்கள். செயல் சட்டவிரோதம் என்று நீதிபதிகள் முடிவு செய்தால் 300 பவுண்டு இழப்பீடு என்றும் குறித்தார்கள்.

1765-ல் தீர்ப்புச் சொன்னவர் தலைமை நீதிபதி கேம்டன் பிரபு. அரசுத் தரப்பின் வாதம் வலுவாகவே இருந்தது. மன்னரின் அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்ட 1688 புரட்சிக்குப் பிறகும் இப்படிப்பட்ட வாரண்டுகள் தொடர்ந்து பிறப்பிக்கப்பட்டு வருகின்றன, இதுவரை யாரும் எதிர்த்ததில்லை, நாட்டின் பாதுகாப்புக்கு இது தேவை என்றார்கள்.

கேம்டன் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். அனுமதியின்றி ஒருவன் நிலத்தில் கால் வைத்துப் புல்லை நசுக்கினாலும் அது அத்துமீறல்தான். நுழைந்தவன் தன்னை அனுமதிக்கும் சட்டத்தைக் காட்ட வேண்டும். அந்தச் சட்டம் இருந்தால் நூல்களில் இருக்கும். நூல்களில் இல்லையென்றால் அது சட்டமே இல்லை. மக்கள் பயந்து பேசாமல் இருந்ததை அவர்களின் சம்மதமாகக் கொள்ள முடியாது. அரசின் தேவை என்ற வாதத்தை இங்கிலாந்தின் பொதுச் சட்டம் அறியாது. என்டிக் வென்றார்.

இங்கிலாந்துக்கு ஒரே நூலாகத் தொகுக்கப்பட்ட அரசமைப்புச் சட்டம் இன்றுவரை கிடையாது. அதன் அடிப்படை நெறிகளில் பல, இதுபோன்ற தீர்ப்புகளில்தான் வாழ்கின்றன. குடிமகன், சட்டம் தடுக்காத எதையும் செய்யலாம். அதிகாரியோ, குடிமகனின் உரிமையில் கை வைக்கும் முன் அதற்கான சட்டத்தைக் காட்டியாக வேண்டும். சட்டத்தின் ஆட்சி என்று 1885-ல் சட்ட அறிஞர் ஏ.வி. டைசி விளக்கியதன் உயிர்நாடி இது. 1791-ல் அமெரிக்க அரசமைப்பில் சேர்ந்த, நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும் நான்காவது திருத்தத்தின் பின்னணியிலும் இந்த வழக்கு நிற்கிறது.

ஆனால் இந்த அரணிலும் ஓட்டை இருந்தது. பழம்பொருள் வியாபாரி ஒருவரின் தொலைபேசியைப் போலீசார் ஒட்டுக்கேட்ட வழக்கில், 1979-ல் லண்டன் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. யாரும் அவர் வீட்டுக்குள் நுழையவில்லை, ஒட்டுக்கேட்பதைத் தடுக்கும் சட்டமும் இல்லை என்பது காரணம். 1984-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதை உரிமை மீறல் என்றது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் அதற்கென்று சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அதிகாரம் புதுப்புது வழிகளில் உள்ளே வரும். 'எங்கே அந்தச் சட்டம்?' என்று ஒவ்வொரு தலைமுறையும் கேட்டால்தான் என்டிக்கின் வெற்றி நிலைக்கும்.

கேட்கும் உரிமை அடிமைக்கும் உண்டா? 1772-ல் ஜேம்ஸ் சாமர்செட் என்ற கறுப்பின மனிதருக்காக அந்தக் கேள்வி நீதிமன்றம் ஏறியது. அந்த வழக்கை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)