ஜப்பானில் விமானி வேலை: ரவாங்கிலிருந்து போக நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"ஜப்பானில் கேப்டன்கள் தேவை" என்ற விளம்பரம் உங்கள் போனிலும் வந்திருக்கலாம். ரவாங்கில் எஸ்.பி.எம். எழுதிவிட்டு விமானப் பள்ளியில் சேர யோசிக்கிறீர்களா? ஏற்கெனவே சிப்பாங்கிலோ சுபாங்கிலோ துணை விமானியாக இருக்கிறீர்களா? இருவருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: மலேசிய லைசன்ஸை வைத்துக்கொண்டு ஜப்பானில் வேலை செய்ய முடியுமா?

முடியும். ஆனால் லைசன்ஸ், விசா, ஒப்பந்தம் மூன்றும் வெவ்வேறு கைகளில் இருக்கின்றன. இதில் ஒன்று போனால் மற்ற இரண்டும் ஆட்டம் காணும். இதைப் புரிந்துகொண்டு போகிறவர்களுக்குத்தான் இந்த வேலை கைகொடுக்கும்.

ஜப்பானுக்கு ஏன் வெளிநாட்டு விமானிகள்?

இது புதிய கதை இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானியர்கள் விமானம் ஓட்டத் தடை இருந்தது. 1951 அக்டோபரில் ஜப்பான் ஏர்லைன்ஸ் முதல் உள்நாட்டுச் சேவையைத் தொடங்கியபோது, விமானத்தையும் விமானிகளையும் கொடுத்தது அமெரிக்காவின் நார்த்வெஸ்ட் நிறுவனம். போருக்குப் பிந்திய ஜப்பானிய விமானச் சேவை வெளிநாட்டு விமானிகளோடுதான் தொடங்கியது.

அடுத்த பெரிய தேவை 2012-ல் வந்தது. பீச், ஜெட்ஸ்டார் ஜப்பான், ஏர் ஆசியா ஜப்பான் என்ற மூன்று மலிவுக் கட்டண நிறுவனங்கள் அந்த ஓராண்டிலேயே பறக்கத் தொடங்கின. விமானங்களை வாங்கிவிடலாம், ஆனால் ஒரு கேப்டன் உருவாகப் பல வருடம் ஆகும். 2014-ல் போதிய விமானிகள் இல்லாமல் பீச் நிறுவனம் 2,000-க்கும் மேற்பட்ட சேவைகள்வரை ரத்தாகலாம் என்று அறிவித்தது. அதே ஆண்டு வனிலா ஏர் நிறுவனமும் இதே காரணத்துக்காகச் சேவைகளைக் குறைத்தது.

இப்போது பேசப்படுவது '2030 பிரச்சினை'. 1980-களின் பிற்பகுதியிலும் 90-களின் தொடக்கத்திலும் கூட்டமாக வேலைக்குச் சேர்ந்த விமானிகள் 2030-ஐ ஒட்டி ஓய்வு பெறுகிறார்கள். ஜப்பான் சும்மா இருக்கவில்லை. 2015-ல் வயது வரம்பை 64-லிருந்து 67-க்கு உயர்த்தியது. மியாசாகியில் உள்ள அரசு விமானக் கல்லூரியின் ஆண்டுச் சேர்க்கையை 2018-ல் 72-லிருந்து 108-ஆக்கியது. அதுவும் போதாத இடத்தில்தான் உங்களைப் போன்ற வெளிநாட்டவருக்கு இடம் கிடைக்கிறது.

மலேசிய லைசன்ஸ் அங்கே செல்லாதா?

நேரடியாகச் செல்லாது. இதற்குக் காரணம் 1944-ல் உருவான சிகாகோ உடன்படிக்கை. ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ, அந்த நாடு கொடுத்த அல்லது அங்கீகரித்த லைசன்ஸ் அதை ஓட்டுபவரிடம் இருக்க வேண்டும் என்கிறது அதன் 32-வது விதி. மலேசிய விமானங்களின் பதிவு எண் '9எம்' என்று தொடங்கும். ஜப்பானிய விமானங்களுக்கு 'ஜேஏ'. நம் நாட்டு ஏ320-யும் அவர்கள் நாட்டு ஏ320-யும் ஒரே மாதிரி இருக்கலாம். ஆனால் 'ஜேஏ' என்று எழுதிய விமானத்தில் உட்கார, ஜப்பானின் வான்போக்குவரத்துப் பிரிவான ஜே.சி.ஏ.பி.யின் லைசன்ஸ் வேண்டும்.

நல்ல செய்தி என்னவென்றால், முதலிலிருந்து எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. அனைத்துலகத் தரத்தில் உள்ள வெளிநாட்டு லைசன்ஸ் வைத்திருப்பவருக்குத் தேர்வின் ஒரு பகுதியிலிருந்து விலக்கு கிடைக்கும். ஜப்பானிய விமானச் சட்டப் பாடத்துக்கு மட்டும் விலக்கு இல்லை. வானொலித் தொடர்புக்கான தகுதி தனி, அதை வேறொரு அமைச்சு பார்க்கிறது. உடல் பரிசோதனையையும் ஜப்பானிய விதிப்படி மறுபடி செய்ய வேண்டும். அது கண்டிப்பானது என்று பெயர் எடுத்தது. மலேசியாவில் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் இருக்கிறது என்பதால் அங்கேயும் தேறிவிடுவோம் என்று நினைக்க வேண்டாம். பழைய அறுவை சிகிச்சை, கண் சிகிச்சை எதுவாக இருந்தாலும் அதன் பதிவுகளை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகுதான் நிறுவனத்தின் பயிற்சி, சிமுலேட்டர் சோதனை, வழித்தடப் பயிற்சி எல்லாம். நீங்கள் இங்கே பல வருடம் கேப்டனாக இருந்திருக்கலாம். ஆனாலும் அங்கே கேப்டன் நாற்காலிக்குத் தனித் தகுதிச் சோதனை உண்டு.

எத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும்?

வெளிநாட்டு விமானிகளுக்கு ஜப்பான் கொடுப்பது 'திறன்சார் தொழில்' என்ற வகைக் குடியிருப்பு அனுமதி. ஒரு சுவையான தகவல்: வெளிநாட்டு உணவு சமைக்கும் சமையல்காரர்களுக்கும் இதே வகைதான். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைச் சமையல்காரர் ஒருவர் டோக்கியோவுக்கு வேலைக்குப் போனால், அவருக்கும் கேப்டனுக்கும் ஒரே வகை அனுமதி. சமையல்காரருக்குப் பொதுவாக 10 ஆண்டு அனுபவம் கேட்பார்கள். விமானிக்கு 250 மணி நேரப் பறப்பு அனுபவம். முன்பு இது 1,000 மணியாக இருந்தது.

250 மணி என்றதும், பயிற்சி முடித்த கையோடு கிளம்பிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அது குடிநுழைவுச் சட்டம் கேட்கும் அளவு மட்டும்தான். நிறுவனங்கள் பொதுவாகத் தேடுவது சில ஆயிரம் மணி பறந்தவர்களை, அதுவும் போயிங் 737, ஏ320 போன்ற குறிப்பிட்ட விமானத்துக்கான 'டைப் ரேட்டிங்' உள்ளவர்களை. முழு விமானி லைசன்ஸான ஏ.டி.பி.எல்.-க்கே அனைத்துலக அளவில் 1,500 மணி தேவை, வயதும் 21 ஆகியிருக்க வேண்டும்.

ஆகவே வழி இதுதான்: எஸ்.பி.எம்.-இல் கணிதம், அறிவியல், ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி. பிறகு மலாக்காவிலோ லங்காவியிலோ உள்ளது போன்ற ஒரு பயிற்சிப் பள்ளி. அங்கே வர்த்தக விமானி லைசன்ஸ். அதன் பிறகு மலேசியாவிலோ பக்கத்து நாட்டிலோ ஒரு விமான நிறுவனத்தில் பல ஆண்டு வேலை. ஜப்பான் அதற்கு அடுத்த படி. இன்று படிப்பை முடிப்பவருக்கு அது முதல் வேலையாக இருக்காது.

பயிற்சிச் செலவு சில லட்சம் ரிங்கிட். பல வீடுகளில் அது அப்பா, அம்மாவின் இ.பி.எஃப். பணம், அல்லது வீட்டின் மேல் வாங்கிய கடன். "ஜப்பானுக்குப் போனால் ஒரே வருடத்தில் அடைத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், நடுவில் இருக்கும் அந்தப் பல ஆண்டுகளை அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஜப்பானிய மொழி தெரிய வேண்டுமா?

கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் ஆங்கிலத்தில் பேசலாம். அனைத்துலக விதிப்படி ஆங்கிலத் தகுதி குறைந்தது 4-ஆம் நிலையில் இருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் வளர்ந்த உங்களுக்கு இது பெரிய தடை இல்லை. ஆனால் வீட்டு வாடகை ஒப்பந்தம், மருத்துவமனை, வரிக் கடிதம் எல்லாம் ஜப்பானிய மொழியில்தான் வரும். பயணிகளின் பாதுகாப்பைப் பார்க்கும் விமானப் பணியாளர்களோடு நெருங்கிப் பழகவும் கொஞ்சம் மொழி உதவும்.

விதிகளையும் பழக வேண்டும். 2018-ல் ஒரு ஜப்பானியத் துணை விமானி மதுபோதையில் லண்டனில் கைதான பிறகு, பணிக்கு முன் மூச்சுச் சோதனை கட்டாயமானது. மூச்சில் ஒரு லிட்டருக்கு 0.09 மில்லிகிராம் என்பதே வரம்பு. முதல் நாள் இரவுக் கல்யாண விருந்து மறுநாள் காலை வேலையைப் பறித்துவிடலாம். நேரமும் அப்படித்தான். ஃபுகுவோகா விமான நிலையம் இரவு 10 மணிக்கு மேல் தரையிறங்க விடாது. 2023 பிப்ரவரியில் ஹனேடாவிலிருந்து அங்கே போன ஒரு விமானம், நேரம் கடந்ததால் இறங்க முடியாமல் கடைசியில் ஹனேடாவுக்கே திரும்பியது.

ஒப்பந்தத்தில் என்ன பார்க்க வேண்டும்?

வெளிநாட்டு விமானிகள் பலர் நிரந்தர ஊழியர்கள் இல்லை. ஒரு ஏஜென்சி வழியாகக் குறிப்பிட்ட காலத்துக்கு வேலை செய்பவர்கள். கையெழுத்துப் போடுமுன் இவற்றைக் கேளுங்கள்:

உங்கள் முதலாளி யார், விமான நிறுவனமா ஏஜென்சியா? பிரச்சினை வந்தால் எந்த நாட்டுச் சட்டம்?

பயிற்சியில் தேறாவிட்டால் செலவு யார் தலையில்? பயிற்சிக் காலத்தில் முழுச் சம்பளமா, பாதியா?

சம்பளம் எந்தப் பணத்தில்? 2011-ல் ஒரு டாலருக்கு 76 யென் அளவில் இருந்தது. 2024 ஜூலையில் 160 யென்னைத் தாண்டியது. யென்னில் சம்பளம் வாங்கி ரிங்கிட்டில் கடன் கட்டுபவருக்கு இந்த வித்தியாசம் சாதாரணமில்லை.

விடுமுறை எப்படி? சில ஒப்பந்தங்களில் சில வாரம் வேலை, பிறகு சில நாள் ஊருக்கு வரலாம். நரித்தாவிலிருந்து கே.எல்.ஐ.ஏ. வர ஏழு மணி நேரம். அங்கிருந்து கே.எல். சென்ட்ரல், பிறகு கொமுட்டரில் ரவாங். போக ஒரு நாள், வர ஒரு நாள். அந்த இரண்டு நாளும் உங்கள் விடுமுறைக் கணக்கில் கழியுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

உடல் தகுதி போனால் என்ன ஆகும்? லைசன்ஸ் இழப்புக் காப்புறுதி நிறுவனம் கொடுக்கிறதா, நீங்களே எடுக்க வேண்டுமா?

மலேசியாவில் உள்ள ஏஜென்சி என்றால், 1981-ஆம் ஆண்டு தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் சட்டத்தின் கீழ் உரிமம் இருக்கிறதா என்று மனிதவளத் துறையில் சரிபாருங்கள். நேர்முகத் தேர்வுக்கு முன்பே "பதிவுக் கட்டணம்" கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வேலை போய்விட்டால்?

2010 ஜனவரியில் ஜப்பான் ஏர்லைன்ஸ் திவாலாகி நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டது. அந்த ஆண்டின் கடைசி நாளில் 81 விமானிகளையும் 84 பணியாளர்களையும் வேலைநீக்கம் செய்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் நிரந்தர ஊழியர்களுக்கே அந்த நிலை. 2015 ஜனவரியில் ஸ்கைமார்க் திவால் மனு போட்டது. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஏர் ஆசியா ஜப்பானும் தப்பவில்லை. முதல் கூட்டு முயற்சி 2013-ல் முறிந்தது. நகோயாவில் 2017-ல் மறுபடி தொடங்கிய நிறுவனம் 2020-ல் கோவிட் காலத்தில் மூடப்பட்டது.

வேலை போன வெளிநாட்டவருக்கு இன்னொரு கடிகாரமும் ஓடும். 14 நாளுக்குள் குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் மூன்று மாதம் அந்தத் தொழிலில் இல்லாவிட்டால் குடியிருப்பு அனுமதியை ரத்து செய்ய முடியும். பிள்ளைகள் அங்கே பள்ளியில் இருந்தால், அந்த மூன்று மாதம் எப்படி ஓடும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பயம் விமான அறைக்குள்ளும் வரக்கூடும். 2010 பிப்ரவரியில், பணிப்பெண்ணுக்குச் சளியால் குரல் எழவில்லை, அவசர நேரத்தில் பயணிகளுக்குக் கட்டளை கொடுக்க முடியாது என்று ஸ்கைமார்க் கேப்டன் ஒருவர் மாற்று ஆள் கேட்டார். நிர்வாகம் பணிப்பெண்ணை விட்டுவிட்டு கேப்டனை மாற்றியது. போக்குவரத்து அமைச்சு பின்னர் நிறுவனத்தைக் கண்டித்தது. விசாவும் வீட்டுக் கடனும் ஒரே ஒப்பந்தத்தில் தொங்கும்போது "இந்த விமானத்தை எடுக்க மாட்டேன்" என்று சொல்வது இன்னும் கஷ்டம். அதைச் சொல்லக்கூடிய நிலையில் இருப்பதும் கேப்டன் வேலையின் ஒரு பகுதிதான்.

ஆகவே போகிறவர்கள் இந்த நான்கையும் விடாதீர்கள்: மலேசிய லைசன்ஸைக் காலாவதியாக விடாமல் புதுப்பியுங்கள். லாக் புக்கின் சான்றளித்த நகலை வீட்டில் வையுங்கள். இ.பி.எஃப்.-க்கு நீங்களாகவே சந்தா செலுத்துங்கள். குறைந்தது ஆறு மாதக் கடன் தவணையைத் தனியாகச் சேமியுங்கள். ஜப்பானில் ஓய்வூதியச் சந்தா கட்டியிருந்தால், நாடு திரும்பிய இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்து அதில் ஒரு தொகையைத் திரும்பப் பெறலாம். அதிகபட்சம் ஐந்து ஆண்டுச் சந்தாவுக்கே கணக்கு. பலர் ஊர் வந்த பிறகு இதை மறந்துவிடுகிறார்கள். ஓய்வூதியப் பதிவு எண்ணைக் கிளம்பும்போதே குறித்து வையுங்கள்.