எல்லைப்புறத்தில் நகைச்சுவை

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர் அத்திபெலே. எல்லை வளைவைக் கடந்தால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது அத்திபெலே மைசூரிலும் ஓசூர் சென்னை மாநிலத்திலும் இருந்தன. மொழிகள் மட்டும் அவ்வளவு ஒழுங்காகப் பிரிந்து நின்றுவிடவில்லை. ஓசூர்ப் பக்கத்து வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் இன்றும் வழங்குகின்றன. அத்திபெலேயில் தமிழ்க் குரலைத் தேடி அலைய வேண்டுவதில்லை.

நகைச்சுவைப் படத்தைப் பற்றிச் சாதாரணப் பார்வையாளர் கூறும் அபிப்பிராயம் மிகச் சுருக்கமானது. “ஒரு தடவை பார்க்கலாம்” என்பார். அல்லது “சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது” என்பார். அத்துடன் எழுந்து சாப்பிடப் போய்விடுவார். திரைப்பட வரலாறு எழுதுவோர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. நாம் பொருட்படுத்தத்தான் வேண்டும். வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தில் யார் எந்த இடத்தில் சிரிக்கிறார், யார் சிரிக்காமல் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார் என்பதில் அக்குடும்பத்தின் மொழி வரலாறே அடங்கியிருக்கிறது.

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் இடங்களாக இகழ்ச்சி, குழந்தைத்தனம், அறியாமை, மடமை என்ற நான்கினைக் கருதினார். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவி 1941 டிசம்பரில் வெளிவந்த ‘சபாபதி’, பின்னிரண்டையும் கொண்டே ஒரு முழுப்படத்தை நடத்திச் சென்றது. டி. ஆர். ராமச்சந்திரன் எஜமானர், காளி என். ரத்தினம் வேலைக்காரர், இருவர் பெயரும் சபாபதிதான். எஜமானர் சொன்ன சொல்லை, அதன் கருத்தை விட்டுவிட்டுச் சொல்லளவிலேயே பிடித்துக்கொள்வது வேலைக்காரரின் சாமர்த்தியம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வேலைக்காரரிடம் தனிப்பட்ட பரிவு உண்டு. அலுவலகக் கோப்புகளில் அவருடைய வாரிசுகளை நாள்தோறும் சந்திக்கிறோம். தமிழ் தெரியாதவருக்கோ இப்படத்தில் பாதி நகைச்சுவை காதில் விழாது.

1964இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ வேறு வகை. படம் எடுக்கப் பணம் கேட்கும் மகனாக நாகேஷும், பணம் கொடுக்க மனமில்லாத தந்தையாகப் பாலையாவும் எதிரெதிரே அமர்ந்திருக்க, மகன் பேய்க்கதை சொல்கிறான். கதவு கிறீச்சிடுவதும் காற்று வீசுவதும் அவன் வாயிலிருந்தே வருகின்றன. கேட்கும் தந்தையின் முகம் சிறிது சிறிதாக மாறுகிறது. பாலையாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கு எந்த மொழியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆகவேதான் அப்படம் தெலுங்கிற்கும் இந்திக்கும் சென்றது. 1979இல் ‘ப்ரீதி மாடு தமாஷெ நோடு’ என்று கன்னடத்திற்கும் வந்தது. நாகேஷ் கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்து தாராபுரத்துப் பக்கம் வளர்ந்தவர் என்பது எல்லைப்புற ரசிகர்கள் மகிழ்ச்சியுடன் நினைவூட்டும் செய்தி.

பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15 அன்றும், பெங்களூரில் 1981 நவம்பர் 1 அன்றும் நிலையங்கள் தொடங்கின. கொட்டகையில் கைதட்டலாகவும் சீழ்க்கையாகவும் இருந்த அபிப்பிராயம் அஞ்சலட்டையாக மாறியது. சென்னை நிலையத்தில் அவ்வட்டைகளைப் படித்து விடை கூறுவதற்கென்றே ‘எதிரொலி’ என்ற நிகழ்ச்சி நடந்தது.

இக்காலத்தில் ஒரே இயக்குநர் இரண்டு படங்களால் நம் கேள்வியைக் கூர்மையாக்கினார். சிங்கீதம் சீனிவாசராவ் 1987இல் உரையாடலே இல்லாத படமொன்றை எடுத்தார். கன்னடத்தில் ‘புஷ்பக விமான’. தமிழில் ‘பேசும் படம்’. கமல்ஹாசன் நடித்த அப்படம் பெங்களூரிலேயே பிடிக்கப்பட்டது. பெரிய ஓட்டலாகக் காட்டப்படுவது அந்நகரத்து விண்ட்சர் மேனர். தமிழரும் கன்னடியரும் தெலுங்கரும் ஒரே நொடியில் ஒருங்கே சிரித்த படம் அது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1990 தீபாவளிக்கு, அதே இயக்குநரும் அதே நடிகரும் ‘மைக்கேல் மதன காமராஜன்’ தந்தனர். கிரேசி மோகன் எழுதிய உரையாடலில் ஒரு சொல் தவறினால் அடுத்த மூன்று சிரிப்புகள் தவறிப்போகும். சாம்பாரில் மீன் விழுந்ததைக் கண்டு குழந்தைகள் சிரிப்பர். சமையற்காரர் காமேசுவரனின் பாலக்காட்டுத் தமிழில் அந்த மீன் படும் பாட்டைக் கேட்டுப் பெரியவர்கள் சிரிப்பர். அத்தமிழ் வேடிக்கையாகத் தோன்றுவதற்கு இன்னொரு தமிழ் காதில் நிலைத்திருக்க வேண்டும். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயின்று, வீட்டில் மட்டும் தமிழ் பேசும் பிள்ளை, தந்தை சிரித்து ஓய்ந்த பிறகு, “அப்பா, இப்போது என்ன சொன்னார்?” என்று கேட்கும். விளக்கப்பட்ட நகைச்சுவைக்கு எவரும் சிரித்ததில்லை.

இடையிடையே வேறு தடைகளும் எழுந்தன. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்டனர். 2016 செப்டம்பரில் பேருந்துகள் அத்திபெலே எல்லையோடு நின்றுவிட, மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் நடந்தே கடந்தனர்; கர்நாடகக் கேபிள்களில் தமிழ் அலைவரிசைகள் நிறுத்தப்பட்டன. அத்தகைய நாட்களில் வீட்டில் தமிழ் நகைச்சுவைக் காட்சி ஓடினாலும் ஒலியைக் குறைத்தே வைக்கத் தோன்றும். சிரிப்பைத் தெருவுக்குக் கேளாமல் அடக்கிக்கொள்வதன் துயரம் அனுபவித்தவர்க்கே விளங்கும்.

எல்லைப்புறத்துப் பிள்ளைகளிடம் குறை மட்டும் காண்பது நியாயமன்று. கன்னடத்தில் ‘சாகு’ என்றால் ‘போதும்’ என்று பொருள். கன்னட வீட்டு விருந்தில் விருந்தாளி இலைமேல் கைகுவித்து அச்சொல்லைச் சொல்ல, தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த மாமா, உயிரை விடச் சொல்கிறாரோ என்று திடுக்கிட்டு நிமிர்வார். பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க இயலாது. இம்முறை விளக்கம் கேட்பவர் மாமா.