காணாமல் போன அரை மணி நேரம்

வகுப்பில் கேட்டுப் பார்க்க ஒரு கணக்கு. 1982 ஜனவரி 1, நள்ளிரவு தாண்டி 12.15. அதற்கு 30 நிமிடம் முன்னால் சிங்கப்பூர்க் கடிகாரம் என்ன காட்டியது? "முந்தின நாள் இரவு 11.45, சார்" என்று பட்டென்று பதில் வரும். பைத்தான் நிரலும் அதையேதான் சொல்லும். ஆனால் அன்றிரவு 11.45 என்ற நேரம் வரவே இல்லை!

அதுவரை தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் கிரீன்விச் நேரத்துக்கு ஏழரை மணி முன்னால் இருந்தன. சபா, சரவாக் எட்டு மணி. ஒரே நாட்டுக்குள் இந்த அரை மணி வித்தியாசம் வேண்டாம் என்று மலேசியா முடிவெடுத்தது. வணிகமும் போக்குவரத்தும் பின்னிக் கிடந்ததால் சிங்கப்பூரும் கூடவே மாறியது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் முள் நேராக 12க்குத் தாவியது.

இது முதல் தடவையும் அல்ல. 1905இல் ஏழு மணி, 1933இல் ஏழு மணி இருபது நிமிடம் (அந்த இருபது நிமிடக் கணக்கு நமக்கு விசித்திரம்தான்), 1941இல் ஏழரை. 1942இல் ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரம், ஒன்பது மணி. 1945 செப்டம்பரில் மறுபடி ஏழரை. முள் பின்னால் வந்ததால், அன்று ஒன்றரை மணி நேரம் கடிகாரத்தில் இரண்டு முறை ஓடியது.

பைத்தானில் நேர மண்டலத்தைச் சேர்த்தே எழுதினாலும், கழித்தல் சுவர்க் கடிகார எண்ணில்தான் நடக்கும். முதலில் கிரீன்விச் நேரத்துக்கு, அதாவது நிரலில் யுடிசிக்கு, மாற்றணும். 12.15இலிருந்து எட்டு மணி போனால் டிசம்பர் 31 மாலை 4.15. அரை மணி கழித்தால் 3.45. அந்த நேரத்தில் இங்கே இன்னும் ஏழரைதான். அதைக் கூட்டினால் இரவு 11.15. அதுதான் சரியான விடை. எந்த நாளில் எதைக் கூட்டுவது என்பதை, ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிவைத்த நேர மண்டலத் தரவுத்தளத்தைப் பார்த்துக் கணினி தெரிந்துகொள்கிறது.

நம்ம வீடுகளில் இது ஜாதகத்திலும் இடிக்கும். 1980இல் ஈப்போவில் பிறந்தவருக்கு ஒரு மென்பொருள் ஏழரைக்குப் பதில் எட்டைக் கழித்தால் அரை மணி பிசகும். லக்னம் சுமார் இரண்டு மணிக்கு ஒருமுறை மாறுவது. சிலருக்கு லக்னமே வேறாகிவிடும். மாணவர்கிட்ட அம்மா அப்பா பிறந்த நேரத்தை எழுதிட்டு வரச் சொல்லுங்க, நிரலில் போட்டுப் பார்க்கலாம்.