காஞ்சியில் ஒரு வெளிநடப்பு

கோபித்துக் கொண்டு வெளியேறுவது காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. பல்லவ மன்னன் கணிகண்ணனை ஊரை விட்டுப் போகச் சொல்ல, அவருடைய குரு திருமழிசை ஆழ்வாரும் கிளம்பினாராம். ஆழ்வார் சொன்னதும் திருவெஃகாவில் படுத்திருந்த பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக் கொண்டு பின்னால் போனார் என்கிறது புராணம். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம்தான் இன்றைய ஓரிக்கை. ஆனால் மன்னன் மன்னிப்புக் கேட்டதும் மூவரும் திரும்பி வந்து விட்டார்கள்.

1925-ல் அதே ஊரிலிருந்து வெளியேறியவர் திரும்பவில்லை.

அந்த வருடம் நவம்பர் 21, 22 தேதிகளில் தமிழ்நாடு காங்கிரஸின் மாகாண மாநாடு காஞ்சிபுரத்தில் நடந்தது. தலைமை திரு.வி.கலியாணசுந்தரனார். வகுப்புவாரி பிரதிநிதித்துவம் கேட்டுத் தீர்மானம் கொண்டு வந்தவர் ஈ.வெ.ராமசாமி. அதாவது, சட்டசபையிலும் அரசாங்க உத்தியோகத்திலும் பிராமணர், பிராமணரல்லாதார், தாழ்த்தப்பட்டோர் என ஒவ்வொரு வகுப்புக்கும் உரிய பங்கு வேண்டும் என்பது. இதே கோரிக்கையை 1920 திருநெல்வேலி மாநாட்டிலிருந்தே அவர் எழுப்பி வந்தார். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தள்ளி வைத்தார்கள்.

இந்தத் தடவை பொறுமை குறைந்திருந்ததற்குக் காரணம் உண்டு. வ.வே.சு.ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்துக்குக் காங்கிரஸ் நிதி கொடுத்திருந்தது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி! தேசியக் கல்வி என்ற பெயரில் இப்படியா என்று 1925-ல் காங்கிரஸ் கமிட்டியில் பெரிய சண்டை. பிறப்பால் உயர்வு தாழ்வு கூடாது என்று தீர்மானம் நிறைவேறியபோது, ராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியிலிருந்து ராஜினாமா செய்தார்கள். ஆக, முதலில் வெளியேறியது எதிர் அணிதான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

காஞ்சியில் தீர்மானத்தை விவாதத்துக்கே எடுக்க முடியாது என்று தலைவர் திரு.வி.க. தீர்ப்பளித்தார். வேதனை என்னவென்றால், 1917-ல் காங்கிரஸ்காரர்களாகவே இருந்து பிராமணரல்லாதாருக்குப் பங்கு கேட்ட சென்னை மாகாண சங்கத்தில் இவரும் இருந்தார், ஈ.வெ.ரா.வும் இருந்தார். பழைய தோழரே கதவைச் சாத்தினார். கட்சிக்குள் பிளவு வரக்கூடாது என்று அவர் நினைத்திருக்கலாம். பிளவு அன்றைக்கே வந்து விட்டது. இனிக் காங்கிரஸை ஒழிப்பதே தன் வேலை என்று அறிவித்து விட்டு, ஈ.வெ.ரா. ஆதரவாளர்களோடு பந்தலை விட்டு வெளியேறினார்.

மே மாதமே 'குடி அரசு' வார இதழைத் தொடங்கியிருந்ததால் பேச அவருக்கு இடம் இருந்தது. வெறும் கோபத்தோடு வெளியேறுகிறவர்களுக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். சுயமரியாதை இயக்கம் வளர்ந்து, 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் மாகாண மாநாடு கூடியது. அதற்கு முன்பே, 1928-ல் அமைச்சர் முத்தையா முதலியார் வகுப்புவாரி உத்தரவை நடைமுறைக்குக் கொண்டு வந்தார்.

அந்த மாநாடு நடந்தபோது காஞ்சிபுரத்தில் 16 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் அண்ணாதுரை. பின்னாளில் பெரியாரின் தளபதியானவர், 1949-ல் அதே பெரியாரை விட்டு வெளியேறி தி.மு.க.வைத் தொடங்கினார். தொடங்கிய தேதி செப்டம்பர் 17, பெரியாரின் பிறந்த நாள். தலைவர் நாற்காலியை மட்டும் பெரியாருக்காகக் காலியாகவே விட்டு வைத்தார்கள்.

பெரியாரோ, 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் அவரை ஆதரித்து ஊர் ஊராகப் பேசினார். ஆனால் காங்கிரஸில் மறுபடி சேரவே இல்லை.