வட்டு வரிசையும் மேட்டூர் மதகும்

டெல்டாவுக்கு எத்தனை கன அடி நீர் விடுவது என்பது மேட்டூர் அணையில் முடிவாகிறது. அந்த நீர் காவிரிக்கு எவ்வளவு, வெண்ணாற்றுக்கு எவ்வளவு, கல்லணைக் கால்வாய்க்கு எவ்வளவு என்று பிரிவதோ கல்லணையில். 'இது வெண்ணாற்று நீர், இது காவிரி நீர்' என்று மேட்டூரிலேயே வரிசைப்படுத்தி விட்டால் என்ன ஆகும்? வழியில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். லினக்ஸின் வட்டு வரிசையாக்கிகளும் இதே சிக்கலில் மாட்டின.

பழைய வன்தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. படிக்கும் முனையும் அங்குமிங்கும் நகர வேண்டும். வந்த வரிசையிலேயே வேலை செய்தால் நேரம் வீண். ஆகவே லிஃப்ட் மாடி மாடியாகப் போவதுபோல, அருகருகே உள்ள கோரிக்கைகளைச் சேர்த்து முடிக்கும் முறை வந்தது. அதற்கு 'எலிவேட்டர்' என்றே பெயர்.

2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6, 'ஆன்டிசிபேட்டரி' என்ற வரிசையாக்கியை இயல்பாகக் கொண்டிருந்தது. ஒன்றைப் படித்ததும், பக்கத்திலேயே இன்னொரு கோரிக்கை வரும் என்று அது சில மில்லி விநாடி காத்திருக்கும். வீட்டுக் கணினிக்கு இது நல்லது. பலர் ஒரே நேரத்தில் சிதறிய இடங்களைப் படிக்கும் தரவுத்தளத்துக்கோ அது வெட்டிக் காத்திருப்பு. அதனால் பல நிர்வாகிகள் யென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய 'டெட்லைன்' பக்கம் போனார்கள். அதில் படிப்புக்கு அரை விநாடி, எழுத்துக்கு 5 விநாடி என்று கெடு உண்டு. 2006-இல் எல்லா நிரல்களுக்கும் வட்டு நேரத்தைப் பங்கிடும் 'சிஎஃப்க்யூ' இயல்பானது.

அதே 2006-இல் அமேசான் இசி2 தொடங்கியது. வாடகை மெய்நிகர் கணினிக்குத் தெரியும் 'வட்டு' பெயரளவுக்குத்தான் வட்டு. அதன் கீழே உண்மையான சர்வர், வலையமைப்பு, பல சேமிப்புக் கருவிகள் இருக்கலாம். மேலே கஷ்டப்பட்டு அடுக்கிய வரிசையைக் கீழே இருப்பவர் மறுபடி கலைத்து அடுக்குவார். ஆகவே வந்ததை வந்தபடி அனுப்பும் 'நூப்' போதும் என்ற பரிந்துரை பரவியது. எஸ்எஸ்டி வந்தபின் நகரும் முனையே இல்லாமல் போயிற்று.

2014-இல் லினக்ஸ் 3.13 பல வரிசை முறையைக் கொண்டுவந்தது. 2019-இல் வந்த 5.0 பழைய சிஎஃப்க்யூ, டெட்லைன், நூப் மூன்றையும் நீக்கியது. அவற்றின் இடத்தில் 'நன்', 'எம்க்யூ-டெட்லைன்', 'பிஎஃப்க்யூ', 'கைபர்' ஆகியவை உள்ளன.

இதெல்லாம் வெறும் பெயர் விளையாட்டா? இல்லை. பரிமாற்றம் முடிந்தது என்று சொல்லுமுன் தரவுத்தளம் தன் பதிவேட்டை வட்டில் எழுதியாக வேண்டும். அங்கே தாமதமானால் டிக்கெட் கவுன்டரில் நிற்பவரும் காத்திருக்க வேண்டியதுதான்.

மேகத்தில் தரவுத்தளம் வைப்பவர் முதலில் 'நன்' வைத்துப் பார்க்கலாம். எழுத்து வேலை பெருகிப் படிப்பு நின்றுபோனால் 'எம்க்யூ-டெட்லைன்' வைத்துப் பார்க்கலாம். சராசரியை மட்டும் நம்பாமல், மிகவும் தாமதமான கோரிக்கைகளையும் அளக்க வேண்டும். பங்கு பிரிக்கும் கல்லணை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மேட்டூரில் என்ன செய்வது என்பது தானே விளங்கும்.